கார் ஏன் குலுங்குகிறது?

குடும்பத்தோடு காரில் வெளியூர் போகிறீர்கள். நல்ல ரோடு. வேகம் 80 கிலோ மீட்டரைத் தொடுகிறது. திடீர் என்று ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது.

"நேற்றுத்தானே சக்கரத்துக்குப் பேலன்ஸ் பார்த்தோம்!" என்று கோபம் வருகிறது.

கோபப்படாதீர்கள். பேலன்ஸ் சரியாக இருக்கலாம். சக்கரத்தை மாட்டியதில் தவறு இருக்கலாம்.

பம்பரம் பாருங்கள்

பம்பரத்தின் ஆணி நட்டநடுவில் இருந்தால் அது அசையாமல் சுற்றும். ஆணி கொஞ்சம் விலகி இருந்தால் துள்ளும். கட்டை அதே கட்டைதான். கார் சக்கரமும் அப்படித்தான்.

30 கிராம், 5 கிலோ ஆகும்!

டயரும் ரிம்மும் எல்லாப் பக்கமும் ஒரே எடையாக இருப்பது இல்லை. மெஷினில் சக்கரத்தைச் சுற்ற விட்டு, கனம் குறைந்த பக்கம் சிறு எடைக் கட்டியைப் பொருத்துவார்கள். இதுதான் பேலன்சிங்.

மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்குச் சுமார் 15 தடவை சுற்றுகிறது. அப்போது ரிம் ஓரத்தில் 30 கிராம் அதிகம் இருந்தால், 5 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல இழுக்கும். வேகம் பாதியானால் இழுப்பு கால் பங்கு ஆகிவிடும். மெதுவாகப் போகும்போது நடுக்கம் தெரியாதது அதனால்தான்.

1 மில்லி மீட்டர் போதும்

சக்கரம் காரில் உட்காரும் இடத்துக்கு "ஹப்" என்று பெயர். மெஷினில் எது நடுவோ, அதுவே ஹப்பிலும் நடுவாக அமைய வேண்டும்.

ஹப்பில் துருவோ மண்ணோ இருந்தால் சக்கரம் சாய்ந்து உட்காரும். ஒரு பக்க நட்டை மட்டும் முதலில் முறுக்கினால் நடுவை விட்டு விலகும். 15 கிலோ சக்கரம் 1 மில்லி மீட்டர் விலகினால், ரிம் ஓரத்தில் 75 கிராம் ஒட்டியதற்குச் சமம்!

அடையாளம் போடுங்கள்

சக்கரத்தைக் கழற்றாமல், காரிலேயே சுற்ற விட்டு பேலன்ஸ் செய்யும் முறையும் உண்டு. இதில் சக்கரம், ஹப், பிரேக் டிஸ்க் எல்லாவற்றுக்கும் சேர்த்து எடை பொருத்தப்படுகிறது. பிறகு சக்கரத்தைக் கழற்றினால், அதே ஹப்பில், அதே போல்ட்டில், அதே ஓட்டை வரும்படி மாட்ட வேண்டும். ஓர் ஓட்டை தள்ளி மாட்டினாலும் கணக்கு தப்பிவிடும்.

ஆகவே, கழற்றும் முன் ஒரு போல்ட்டிலும், அதன் பக்கத்தில் ரிம்மிலும் சாக்பீசால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டுவது எப்படி?

ஹப்பையும் ரிம்மின் உள்பக்கத்தையும் நன்றாகத் துடையுங்கள். எல்லா நட்டுகளையும் முதலில் கையால் திருகுங்கள். பிறகு ஒன்றை முறுக்கியதும் எதிர்ப்பக்கத்து நட்டை முறுக்குங்கள். காரைக் கீழே இறக்கிய பிறகு முழுவதும் இறுக்குங்கள். எவ்வளவு இறுக்குவது என்பது காருடன் வந்த புத்தகத்தில் இருக்கும். 100 கிலோ மீட்டர் ஓடியதும் மறுபடி சோதியுங்கள்.

அலட்சியம் ஆபத்து

ஸ்டீயரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரத்தில் கோளாறு. சீட் அதிர்ந்தால் பின் சக்கரத்தில் கோளாறு இருக்கலாம்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின் நடுக்கம் வந்தால், "போய்ச் சேர்ந்த பிறகு பார்ப்போம்" என்று ஓட்டாதீர்கள். மெதுவாக ஓரம் கட்டுங்கள். முதலில் நட்டுகளைப் பாருங்கள். நட்டு தளர்ந்து இருந்தால் சக்கரமே கழன்று ஓடிவிடும்.

5 நிமிடம் தாமதம் ஆனால் பரவாயில்லை. காருக்குள் இருப்பது உங்கள் குடும்பம்!