யுனிக்ஸ் முறைமையை வலையமைப்பு வழியாகக் காப்புநகல் எடுத்தலும் மீட்டலும்

யுனிக்ஸ் அல்லது லினக்சு இயங்குதளம் கொண்ட கணினியின் கோப்புகளை வலையமைப்பு வழியாக வேறொரு கணினியில் படியெடுத்து வைப்பது வலையமைப்புவழிக் காப்புநகல் எனப்படும். அந்தப் படியிலிருந்து முறைமையை மீண்டும் உருவாக்குவது மீட்டல் ஆகும். யுனிக்சில் 'ஆர்எம்' கட்டளையால் அழித்த கோப்பு குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை. எனவே காப்புநகல் இல்லையெனில் அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சுக்கும் கீழ்க்காணும் முறைகள் பொருந்தும்.

வரலாறு

தொடக்கத்தில் காப்புநகல்கள் காந்த நாடாக்களில் எடுக்கப்பட்டன. 1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற 'டார்' கட்டளையின் பெயரே 'நாடா ஆவணம்' என்னும் பொருளுடையது. 1983இல் வெளிவந்த 4.2பிஎஸ்டி பதிப்பில், ஒரு கணினியின் கோப்புகளை மற்றொரு கணினியில் உள்ள நாடாவில் எழுதும் வசதி கிடைத்தது. ஆனால் அக்காலத்து 'ஆர்எஸ்எச்' வழியாகச் சென்ற தரவு மறையாக்கம் செய்யப்படவில்லை. 1995இல் பின்லாந்தைச் சேர்ந்த தாத்து இலோனென் உருவாக்கிய 'எஸ்எஸ்எச்' இக்குறையைப் போக்கியது. 1996இல் ஆத்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்செல், பால் மெக்கராசு ஆகியோர் 'ஆர்சிங்க்' நிரலை வெளியிட்டனர்.

செயற்படும் விதம்

முழுக் காப்புநகலில் எல்லாக் கோப்புகளும் படியெடுக்கப்படும். கூடுதல் காப்புநகலில் முந்தைய நகலுக்குப் பின் மாறியவை மட்டும் எடுக்கப்படும். ஞாயிறு அன்று முழு நகலும் மற்ற நாட்களில் கூடுதல் நகலும் எடுப்பது ஒரு வழக்கம். புதன் இரவு வட்டு பழுதானால் ஞாயிறு, திங்கள், செவ்வாய் நகல்களை அதே வரிசையில் மீட்க வேண்டும். இடையில் ஒன்று கெட்டிருந்தால் அந்நாளின் மாற்றங்கள் கிடைக்காமல் போகலாம்.

ஆர்சிங்க் முறையில், பெறும் கணினி தன்னிடமுள்ள பழைய கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்பு எண்களைக் கணக்கிட்டு அனுப்பும். அனுப்பும் கணினி அவற்றைத் தன் கோப்போடு ஒப்பிட்டு, பொருந்தாத பகுதிகளை மட்டும் அனுப்பும். இதனால் வேகம் குறைந்த இணைப்பிலும் பெரிய கோப்புகளைப் புதுப்பிக்க முடிகிறது.

மூலத்தை அப்படியே பின்பற்றும் ஆடிப்படி காப்புநகலுக்கு ஈடாகாது. மூலத்தில் தவறுதலாக அழிந்த கோப்பு, அடுத்த ஒத்திசைவில் படியிலும் அழிந்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் தனி அடைவு வைத்துக்கொள்வது நல்லது. மாறாத கோப்புகளுக்கு முந்தைய நாளின் படியோடு வன்இணைப்பு கொடுத்தால் இடம் மிச்சமாகும்.

மீட்கும் படிநிலைகள்

1. யுஎஸ்பி நினைவகத்திலிருந்து இயங்கும் லினக்சைக் கொண்டு கணினியைத் தொடங்கி, வலையமைப்போடு இணைத்தல்.
2. புதிய வட்டைப் பிரித்து, கோப்பு முறைமையை உருவாக்கி, ஓர் அடைவில் ஏற்றுதல்.
3. காப்பு வழங்கியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகக் கோப்புகளைக் கொண்டுவருதல். உரிமையாளர்களைப் பெயரால் அன்றி எண்ணால் மீட்க வேண்டும். தற்காலிக லினக்சில் அதே பெயருக்கு வேறு எண் இருக்கக்கூடும்.
4. 'எஃப்எஸ்டேப்' கோப்பில் புதிய வட்டின் அடையாள எண்ணை எழுதுதல்.
5. தொடக்க ஏற்றியான 'கிரப்' நிரலை நிறுவி, கணினியை மறுபடி தொடங்குதல்.

'பிராக்', 'சிஸ்' ஆகிய அடைவுகளில் இருப்பவை இயங்கும் கருனி காட்டும் தகவல்கள். அவற்றைப் படியெடுக்கத் தேவையில்லை. வெற்று அடைவுகள் மட்டும் இருந்தால் போதும்.

நகல் இருக்கவேண்டிய இடம்

மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வெளியிடத்தில் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. 2011 திசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், கடலூர்க் கடற்கரையோடு நில்லாமல் பண்ருட்டி போன்ற உட்பகுதிகளையும் தாக்கியது. எனவே கடலூரில் உள்ள வழங்கியின் ஒரே நகலை அதே மாவட்டத்தின் விருத்தாசலத்தில் வைப்பதைவிட, தொலைவிலுள்ள வேறொரு நகரில் வைப்பதே பாதுகாப்பானது.

மீட்டுச் சோதித்தல்

2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான வழங்கியில் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். வழக்கமான காப்புநகல்கள் பதிப்புப் பொருத்தமின்மையால் தோல்வியடைந்திருந்தது அப்போதுதான் தெரியவந்தது. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறு தேவைக்காக எடுத்திருந்த நகலே கைகொடுத்தது; இடைப்பட்ட நேரத்துத் தரவு இழக்கப்பட்டது. ஆகையால் நகல் எடுக்கப்பட்டதாக வரும் செய்தியை மட்டும் நம்பாமல், குறித்த கால இடைவெளியில் வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்து, கோப்புகள் திறக்கின்றனவா எனச் சரிபார்ப்பது இன்றியமையாதது.