அப்பாவின் கான்டெஸாவை வெட்டி மஸ்டாங் செய்யலாமா? காரைக்காலில் ஒரு 'மசில் கார்' கனவும் சில சட்டச் சிக்கல்களும்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, பள்ளிக்கால நண்பன் ஒருவன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டுக்கு அழைத்துப் போனான். தார்ப்பாயை விலக்கினால் உள்ளே அவன் அப்பாவின் கான்டெஸா. 1991-ல் பதிவான வண்டி, பி.ஒய் 02 நம்பர். டயர் நாலும் இறங்கிக் கிடக்கிறது. கதவு ஓரங்களில் உப்புக்காற்று தன் வேலையைக் காட்டியிருக்கிறது. ஆனால் சாவியைத் திருப்பினால் லைட் எரிகிறது.

"இதை அப்படியே மஸ்டாங் ஆக்கப்போறேன்டா" என்றான். 1967 மாடல் ஃபாஸ்ட்பேக். போனில் படங்கள், யூடியூப் வீடியோக்கள், சென்னை ஐ.டி வேலையில் சேர்த்த எட்டு லட்ச ரூபாய் என எல்லாம் தயார். அப்பாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. "நீ நியூஸ்லதானே இருக்க, இதுல சட்டப்படி எதாவது பிரச்னை வருமானு பார்த்துச் சொல்லு" என்றான்.

பார்த்தேன். அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், 'மசில் கார்' என்றால் என்ன?

பெரிய என்ஜினை நடுத்தர அளவுக் காரில் வைத்து, இளைஞர்கள் வாங்கக்கூடிய விலையில் விற்பது. 1960-களின் அமெரிக்கச் சூத்திரம் இவ்வளவுதான். 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ-வைத்தான் பலரும் இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 17-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங் அறிமுகமானது. விலை 2,368 டாலர். பிறகு கமாரோ, சார்ஜர் என வரிசையாக வந்தன. 1973 எண்ணெய் நெருக்கடியோடு அந்த ஆட்டம் அடங்கியது.

மிச்சமிருக்கும் ஒரிஜினல்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 1968-ல் வந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங், 2020 ஜனவரியில் 37.4 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதனால்தான் ரெப்ளிகா என்று ஒரு தனிச் சந்தையே உருவானது. அதிகம் நகலெடுக்கப்பட்ட கார்களில் ஷெல்பி கோப்ரா முக்கியமானது. ஒரிஜினலாகத் தயாரானவை ஆயிரத்துக்கும் குறைவு. இன்று உலகம் முழுக்க ஓடும் கோப்ராக்களில் பெரும்பாலானவை நகல்கள்தான்.

இந்தியாவில் மஸ்டாங் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தது 2016-ல்தான். விலை சுமார் 65 லட்ச ரூபாய். பழைய மஸ்டாங்கை வெளிநாட்டில் வாங்கிக் கப்பலில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தால், சாதாரணமான பயன்படுத்திய கார்களுக்கான இறக்குமதி விதி முதல் படியிலேயே தடுத்துவிடும். மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், மும்பை துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். விண்டேஜ் கார்களுக்குத் தனி வழி உண்டு. ஆனால் எட்டு லட்சத்தை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியாது.

அப்புறம் ஏன் கான்டெஸா?

இங்கேதான் நண்பனின் கணக்கு கொஞ்சம் புத்திசாலித்தனமானது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கொண்டுவந்த கான்டெஸா, பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர் எஃப்.இ மாடலின் வாரிசு. நீண்ட பானெட், அகலமான முகம், பின்சக்கர இயக்கம். நீளம் ஏறக்குறைய 4.6 மீட்டர், முதல் மஸ்டாங்கின் நீளமும் கிட்டத்தட்ட அதேதான். 'இந்தியாவின் மசில் கார்' என்று அதை அழைப்பதற்குத் தோற்றம்தான் காரணம். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆரம்பத்தில் வந்த 1.5 லிட்டர் என்ஜின் சுமார் 50 குதிரைத்திறன் கொண்டது, அம்பாசடரின் சொந்தக்காரன். பிறகு வந்த இசுஸு 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜினும் 90-ஐத் தொடவில்லை. அந்தக் காலத்து மஸ்டாங்கின் சக்திவாய்ந்த வி8 என்ஜின் 271 குதிரைத்திறன். ஆள் பார்க்க ஜிம் பாடி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, வடிவம் ஒத்துப்போகிறது. ஃபைபரில் பாடி செய்து மாட்டிவிட்டால்?

காரைக்காலில் ஃபைபர் வேலைக்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரை முழுக்கக் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள்தான் பிடித்தன. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு பக்கம் போனால் படகு பழுது பார்ப்பதைப் பார்க்கலாம். அச்சு, மேட், ரெசின், அதன்மேல் பளபளப்பான ஜெல்கோட். ரெப்ளிகா கார் பாடி செய்வதும் இதே வேலைதான். சும்மா சொல்லவில்லை. 1964-ல் கலிஃபோர்னியாவில் 'மேயர்ஸ் மேங்ஸ்' என்ற புகழ்பெற்ற ஃபைபர் காரை உருவாக்கிய புரூஸ் மேயர்ஸ், படகு கட்டிப் பழகியவர்தான்.

ஆனால் மேயர்ஸ் எடுத்துக்கொண்டது ஃபோக்ஸ்வாகன் பீட்டில். அதில் பாடியைக் கழற்றினால் கீழே தளம் தனியாக, சக்கரங்களோடு நிற்கும். அதன்மேல் எந்தத் தொப்பியை வேண்டுமானாலும் வைக்கலாம். கான்டெஸா அப்படியில்லை. தனி சேசிஸ் கிடையாது, தகட்டுக் கூடுதான் எலும்புக்கூடு. கூரையையும் தூண்களையும் வெட்டினால் வண்டியின் பலமே போய்விடும். அதன்மேல் ஃபைபரை ஒட்டினால் படத்துக்கு அழகாக இருக்கும், விபத்து என்று வந்தால் உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற ஒன்றும் இருக்காது. போதாததற்கு நம் ஊர் உப்புக்காற்று. ஃபைபர் துருப்பிடிக்காது. அதற்குள் மறைந்திருக்கும் பழைய இரும்பு, கண்ணுக்குத் தெரியாமல் அரித்துக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் நல்ல என்ஜினியர் ஒருவர் சரிசெய்யலாம், உள்ளே கூண்டு அடிக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து இருப்பதுதான் பெரிய சுவர்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது. சி.என்.ஜி, மின்சாரம் போன்ற வேறு எரிபொருளுக்கு மாற்றும் கிட்டுகளுக்கு விதிகளுக்கு உட்பட்டு இடமுண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றங்களுக்கும் உண்டு. 'மஸ்டாங் மாதிரி இருக்கணும்' என்பதற்கு இல்லை.

முன்பு இதில் மாநில விதிகளைக் காட்டிச் சிலர் வழி தேடினார்கள். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்தியது. கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்திருந்த கட்டமைப்பு மாற்றத்தை ரத்து செய்து, மாநில விதி எதுவானாலும் பிரிவு 52-க்குக் கீழ்தான் என்றது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கவனிக்க: அபராதம் வண்டிக்கு அல்ல, ஒவ்வொரு மாற்றத்துக்கும்.

'பழைய வண்டியை மாற்றினால்தானே பிரச்னை, மொத்தமாகப் புது வண்டியாகவே பதிவு செய்தால்?' என்று நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. பிரிட்டனில் வீட்டில் கட்டிய ஒற்றைக் காரையும் சோதித்து ஒப்புதல் தர ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கா 2015-ல் ஒரு சட்டமே போட்டது. 25 ஆண்டுக்கு முந்தைய காரின் நகலை ஒரு சிறு நிறுவனம் ஆண்டுக்கு 325 வரை செய்து விற்கலாம். நம் ஊரில் மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி, புது வண்டியின் மாதிரியை உற்பத்தியாளர் புனே ஏ.ஆர்.ஏ.ஐ போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். தொழிற்சாலை வைத்து ஆயிரக்கணக்கில் தயாரிப்பவருக்கான பாதை அது. ஷெட்டில் ஒரே ஒரு கார் கட்டுபவருக்கு நடைமுறையில் அந்தப் பாதை இல்லை.

இது நாடு முழுக்கப் பொதுவான கதை. காரைக்காலுக்கென்று கூடுதலாக ஒன்று உண்டு. நம் மாவட்டம் நான்கு பக்கத்தில் ஒரு பக்கம் கடல், மற்றதெல்லாம் தமிழ்நாடு. தெற்கே போனால் வாஞ்சூர், வடக்கே போனால் பூவம், அரை மணி நேரத்துக்குள் எல்லை வந்துவிடும். அந்தப் பக்கம் நிற்கும் போலீஸ் எதற்காக வண்டியை நிறுத்துவார்கள் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாதா ஆல்டோவின் டிக்கியையே திறந்து பார்க்கும் இடத்தில், உறுமிக்கொண்டு ஒரு மஸ்டாங் வந்து நின்றால்? டிக்கியில் பாட்டில் இல்லை என்று தெரிந்த பிறகு, அடுத்து கேட்பது ஆர்.சி-யாகத்தான் இருக்கும். அதில் 'கான்டெஸா' என்று எழுதியிருக்கும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தைப் பலரும் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான். சொல்லாமல் செய்த கட்டமைப்பு மாற்றத்தைக் காரணம் காட்டி, வண்டிக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்கலாம். அடிபட்ட மூன்றாம் நபருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கும்படி நீதிமன்றம் சொல்லவும் வாய்ப்புண்டு. அபராதம் ஐயாயிரத்தில் முடியும், இது வீட்டைக் கேட்கும்.

வெட்டினால் எதை இழக்கிறோம்?

எனக்கு இந்த விஷயத்தில் மனசு மாறியது இந்த இடத்தில்தான். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கான தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் ஒரிஜினல் வடிவில் இருக்கும் கார், பைக்குகளுக்கு 'வி.ஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரியான காரணங்களுக்கு எடுக்கலாம்.

நண்பனின் கான்டெஸாவுக்கு 50 வயதாவது 2041-ல். அவனுக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். 2002-லேயே கான்டெஸா தயாரிப்பு நின்றுவிட்டது, இனி இருப்பது குறையத்தான் செய்யும். இன்று வெட்டினால் அது சட்டப்படி மஸ்டாங்கும் ஆகாது, 2041-ல் விண்டேஜ் கான்டெஸாவும் ஆகாது.

ரெப்ளிகா ஆசையே தப்பு என்று நான் சொல்லவில்லை. ரோட்டில் ஓட்டப்போவதில்லை, இருங்காட்டுக்கோட்டை மாதிரி டிராக்குக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறேன், அல்லது ஷோரூமில் நிறுத்துகிறேன் என்றால் விஷயமே வேறு. அதற்கு அப்பாவின் கார் எதற்கு? பதிவு ரத்தான ஏதாவது பழைய ஜீப்பின் சேசிஸ் போதும், கிளிஞ்சல்மேட்டு ஃபைபர் வேலையும் உதவும். செலவுதான் எட்டு லட்சத்தில் நிற்காது. வருடத்துக்கு இரண்டு முறை ஓட்டும் வண்டிக்கு அவ்வளவு பணமா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மசில் கார் பார்வையே போதும் என்பவர்களுக்கு, கான்டெஸாவை கான்டெஸாவாகவே மீட்டெடுப்பது என் பார்வையில் நல்ல டீல். டிங்கரிங், பட்டி பார்த்து பெயிண்ட், சீட், பிரேக், வயரிங் எல்லாம் செய்யலாம். கலர் மாற்ற வேண்டுமென்றால் முதலில் ஆர்.டி.ஓ அனுமதி, பிறகு ஆர்.சி-யில் திருத்தம். அடர் பச்சையில், கறுப்பு கிரில்லோடு ஒரு கான்டெஸா திருநள்ளாறு ரோட்டில் வந்தால் திரும்பிப் பார்க்காதவர் யார்?

இதற்கும் கெடு ஒன்று இருக்கிறது. 15 ஆண்டு முடிந்த சொந்தக் கார்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி புதுப்பிக்க வேண்டும். 1991 வண்டி என்றால் 2006, 2011, 2016, 2021, அடுத்தது 2026. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கான புதுப்பித்தல் கட்டணம் 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஆர்.சி-யில் இருப்பதும் எதிரே நிற்பதும் ஒன்றா என்று பார்ப்பார்கள்.

இதையெல்லாம் வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் ஒரு போட்டோ வந்தது. ஷெட்டில் தார்ப்பாயைக் காணோம், பானெட் திறந்திருக்கிறது, அவன் அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே குனிந்திருக்கிறார். கீழே ஒரு வரி: "கார்புரேட்டர் கிட் எங்க கிடைக்கும்னு விசாரிச்சுச் சொல்லுடா, அப்பா கேக்குறாரு."