26 ஆல் வகுத்த அரசு

செயற்கை நுண்ணறிவுக்குச் சட்டம் வேண்டும் என்று பேசுகிறவர்கள் பலரும் கணினி எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பெற்றுவிடும் என்ற பயத்திலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ‘ரோபோடெட்’ என்று மக்கள் பெயர் வைத்த திட்டத்தில் கெட்டிக்காரத்தனம் துளியும் கிடையாது. இருந்தது ஒரு வகுத்தல் கணக்கு. அங்கே வேலையில்லாதோருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உதவித்தொகை, அந்தந்த இரண்டு வார வருமானத்தைப் பார்த்துத் தரப்படுகிறது. அப்போது வரித்துறையிடம் இருந்ததோ ஆண்டு வருமானம். 2016இல் முழுவீச்சில் ஓடத் தொடங்கிய கணினி, அந்த ஆண்டு வருமானத்தை 26 ஆல் வகுத்து, எல்லா இரண்டு வாரங்களிலும் அதே தொகை வந்ததாக எடுத்துக்கொண்டது. முதல் ஆறு மாதம் வேலையின்றி உதவித்தொகை வாங்கி, அடுத்த ஆறு மாதத்தில் 26,000 டாலர் சம்பாதித்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எதையும் மறைக்கவில்லை. ஆனால் கணினியின் கணக்கில் ஆண்டு முழுக்க இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர் அவர் கைக்கு வந்திருக்கிறது. ஆகவே வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கட்டு என்று கடிதம் போகும்.

கணக்கு தவறு என்பதைவிடப் பெரிய கேடு வேறொன்று. முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் ஊழியர் ஒருவர் விசாரித்து, கடன் உண்டென்று உதவித்தொகை தரும் துறை நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்தத் திட்டத்தில் கடன் இல்லையென்று பயனாளி நிரூபிக்க வேண்டியதாயிற்று, அதுவும் சில ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளைத் தேடியெடுத்து. ஆண்டுக்குச் சுமார் 20,000 ஆக இருந்த விசாரணைகள் வாரத்துக்கு 20,000 கடிதங்களாயின. ஆரம்பக் கடிதங்களில் இதற்கான உதவித் தொலைபேசி எண்ணைக்கூட அச்சிடவில்லை. கட்டாதவர்கள் மேல் தனியார் வசூல் நிறுவனங்கள் ஏவப்பட்டன.

ஜனநாயகத்தில் இதைத் தடுக்க ஆளில்லையா? இருந்தார்கள். இப்படிச் சராசரி போடுவது சட்டத்துக்குப் பொருந்தாது என்று சமூக சேவைத் துறையின் சட்ட ஆலோசகர்களே 2014இல் எச்சரித்திருந்தார்கள். 2017இல் நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உறுப்பினர் டெர்ரி கார்னி, இந்தக் கடன்களுக்குச் சட்ட அடிப்படை இல்லையென்று தீர்ப்பளித்தார். தீர்ப்பாயத்தின் முதல்நிலைத் தீர்ப்புகள் அப்போது வெளியிடப்படவில்லை. உதவித்தொகை தரும் துறை மேல்முறையீடும் செய்யவில்லை, திட்டத்தை நிறுத்தவுமில்லை. தோற்ற வழக்கை மட்டும் சத்தமில்லாமல் மூடிவிட்டு மற்றவர்களுக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தது. மேல்முறையீடு செய்திருந்தால் விஷயம் பகிரங்கமாகியிருக்கும். 2019 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில்தான் திட்டம் வீழ்ந்தது. வசூலித்ததில் சுமார் 75 கோடி டாலரை அரசு திருப்பிக் கொடுத்தது, பாக்கியை ரத்து செய்தது. 2023இல் விசாரணை ஆணையர் கேத்தரின் ஹோம்ஸ், திட்டம் கொடூரமானது, நியாயமற்றது, சட்டவிரோதமானது என்று எழுதினார்.

இது வெறும் கணக்கு, செயற்கை நுண்ணறிவு அல்லவே என்று கேட்கலாம். என் வாதமே அங்கேதான் நிற்கிறது. 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மனிதர்கள் வகுத்த விதியை அப்படியே இயக்கும் மென்பொருளைத் தன் வரையறையிலிருந்து விலக்குகிறது. அந்த அளவுகோலின்படி ரோபோடெட் தப்பித்துவிடும். சட்டம் கேட்க வேண்டியது, முடிவு யாருடைய சோற்றில் கை வைக்கிறது, காரணத்தைச் சொல்ல யார் கடமைப்பட்டவர் என்பதை. நிஜமான செயற்கை நுண்ணறிவு வந்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். 26 ஆல் வகுத்ததைப் பென்சிலும் காகிதமும் வைத்துச் சரிபார்க்க முடிந்தது. நெதர்லாந்து வரித்துறை குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகைக்குப் பயன்படுத்திய, தானே கற்கும் மென்பொருள் வெளிநாட்டுக் குடியுரிமையைச் சந்தேகக் குறியாக வைத்திருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஏன் அதிகச் சந்தேக மதிப்பெண் விழுந்தது என்பது கோப்பைப் பார்த்த ஊழியருக்கே தெரியாது. அந்த விவகாரத்தில் 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது.

விதிகளை வெளியிட்டால் ஏமாற்றுகிறவர்கள் உஷாராகிவிடுவார்கள் என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். எந்தக் கோப்பை முதலில் சோதிப்பது என்ற உத்திக்கு அது ஓரளவு பொருந்தும். கடன் தொகையை எப்படிக் கணக்கிட்டோம் என்பதற்கு எப்படிப் பொருந்தும்? ஆண்டு வருமானத்தை 26 ஆல் வகுக்கிறோம் என்று 2016இலேயே கடிதத்தின் முதல் வரியில் எழுதியிருந்தால், எந்த மோசடிக்காரனும் லாபமடைந்திருக்க மாட்டான். பாதி வருடம் மட்டும் வேலை பார்த்தவர் மறுநாளே எழுந்து கேட்டிருப்பார்.