விரிவாய்க் குழலும் பழைய மகிழுந்தும்

மகிழுந்து பெட்ரோலைக் குடிக்கிறது என்று சொல்வோம். அது பெட்ரோலைவிடக் காற்றைத்தான் பன்மடங்கு குடிக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறக்குறைய 15 கிராம் காற்று தேவை. ஆகவே, இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் காற்று வரும் வழியைத்தான் கவனிக்கிறார்கள்.

பழைய மகிழுந்துகளைப் போற்றி வைத்திருப்போர் கையாளும் ஒரு வழி, காற்று நுழையும் வாயில் குட்டையான உலோகக் குழல்களைப் பொருத்துவது. இவற்றின் ஒரு முனை நாகசுரத்தின் அணசைப் போல விரிந்திருக்கும். ஆங்கிலத்தில் இதற்கு எக்காளத்தின் பெயரையே சூட்டி ‘டிரம்பெட்’ என்கிறார்கள். நாம் ‘விரிவாய்க் குழல்’ என்று சொல்லலாம்.

இக்குழல்களைப் பொருத்துவதில் உள்ள நன்மையையும் சிக்கலையும் அறிய, டிரையம்ப் டி.ஆர்.6 என்னும் பிரிட்டிஷ் மகிழுந்து நல்ல எடுத்துக்காட்டு. இது 1968 முதல் 1976 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் உற்பத்தி செய்யப்பட்டது. ஆறு சிலிண்டர்களைக் கொண்ட இதன் இயந்திரத்தின் கொள்ளளவு 2498 கன சென்டிமீட்டர். அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவற்றில் கார்புரேட்டர் இருந்தது. பிரிட்டனில் விற்கப்பட்டவற்றிலோ லூகாஸ் நிறுவனத்தின் எரிபொருள் பீய்ச்சும் அமைப்பு இருந்தது. தொடக்க கால மகிழுந்துகள் 150 குதிரைத்திறன் கொண்டவை என நிறுவனம் அறிவித்தது.

இந்த அமைப்பில் கணினி கிடையாது. பின்புறம் உள்ள மின்பம்பு, சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்பும். இயந்திரத்தோடு சேர்ந்து சுழலும் அளவைக் கருவி, அதனை ஆறு சிலிண்டர்களுக்கும் முறைவைத்துப் பகிர்ந்தளிக்கும். காற்றோ, ஒரு வடிகட்டியைக் கடந்து நீண்ட பெட்டிக்குள் வரும். அங்கிருந்து ஆறு ரப்பர் குழாய்கள் வழியே, ‘திராட்டில்’ எனப்படும் ஆறு வட்டத் தகடுகளை நோக்கிப் பிரிந்து செல்லும். விரிவாய்க் குழல்களைப் பொருத்துபவர்கள், அந்தப் பெட்டியையும் ரப்பர் குழாய்களையும் கழற்றிவிட்டு அவ்விடத்தில் ஆறு குழல்களை வைக்கிறார்கள்.

வாய் ஏன் விரிந்திருக்க வேண்டும்? நேராக வெட்டப்பட்ட குழாயின் கூரிய விளிம்பில் வேகமாகத் திரும்பும் காற்று, சுவரை விட்டு விலகிச் சுழலும். அதனால், குழாயின் முழு அகலமும் பயன்படாது. விளிம்பு வளைந்து விரிந்திருந்தால் காற்று சுவரை ஒட்டியே வழுக்கிச் செல்லும்.

குழலின் நீளத்திற்கும் ஒரு வேலை உண்டு, இதுதான் வியப்பானது. வால்வு திறந்து பிஸ்டன் காற்றை இழுக்கும்போது, அந்த இழுப்பு ஓர் அலையாகக் குழல் வழியே வெளிநோக்கி ஓடும். திறந்த வாயை அடைந்ததும், அது அழுத்த அலையாக மாறித் திரும்பி வரும். வால்வு மூடுவதற்குச் சற்று முன்னர் அது வந்து சேர்ந்தால், இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளிவிடும். வால்விலிருந்து குழலின் வாய்வரை 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். எனவே, அலை போய்த் திரும்ப ஒரு வினாடியின் ஆயிரத்தில் இரண்டரைப் பங்கு கூட ஆகாது. நிமிடத்திற்கு 6000 சுற்றில், வால்வு திறந்திருக்கும் நேரமே ஆயிரத்தில் ஆறேழு பங்குதான். நீண்ட குழல் குறைந்த வேகத்திலும், குட்டைக் குழல் மிகுந்த வேகத்திலும் உதவுவது இதனால்தான். எல்லா வேகத்திற்கும் ஏற்ற ஒரே நீளம் என்று எதுவும் இல்லை.

சிக்கல் இனிதான் தொடங்குகிறது. அளவைக் கருவி, வரும் காற்றை அளப்பதில்லை. திராட்டிலுக்கு அப்பால் ஏற்படும் உறிஞ்சலை மட்டுமே அது உணரும். உறிஞ்சல் குறைந்தால் பெட்ரோலைக் கூட்டும். உறிஞ்சல் கூடினால் பெட்ரோலைக் குறைக்கும். மிதியை முழுவதும் அழுத்தும்போது உறிஞ்சல் ஏறக்குறைய மறைந்துவிடும். அப்போது, கருவி தனக்கு வரையறுக்கப்பட்ட உச்ச அளவைத் தரும். அதற்கு மேல் ஒரு துளியும் தராது. குழல்களால் கூடுதலாக வந்த காற்று அதற்குத் தெரியாது. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தால் வெப்பம் ஏறும்; நீண்ட நேரம் விரைந்தோடினால் பிஸ்டனின் தலை உருகி ஓட்டையாகவும் கூடும். இன்றைய மகிழுந்தில் கணினி இதனைக் கண்டு ஓரளவு சரிசெய்துகொள்ளும். டி.ஆர்.6-இலோ, அனுபவமுள்ள ஒருவர் அளவைக் கருவியை மறுசீரமைக்க வேண்டும்.

அடுத்தது தூசி. பழைய பெட்டியோடு வடிகட்டியும் போய்விடுகிறது. குழலின் வாயில் வைக்கும் கம்பி வலை கல்லைத்தான் தடுக்கும், மணலைத் தடுக்காது. நுண்மணல் சிலிண்டர் சுவரை உப்புத்தாள் போல் தேய்க்கும். நுரைப்பஞ்சு உறை போட்டால் பாதுகாப்புக் கிடைக்கும். ஆனால், பளபளக்கும் குழல்கள் வெளியே தெரியாது. அழகுக்காக வாங்கியவருக்கு இது மனக்குறைதான்!

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. திறந்த குழல்கள் இயந்திரத்தைச் சுற்றியுள்ள சூடான காற்றையே இழுக்கும். காற்றின் வெப்பநிலை 30 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏறினால், அதன் அடர்த்தி ஏறக்குறைய 9 விழுக்காடு குறையும். நெரிசலில் நிற்கும்போது, குழல் தந்த ஆதாயத்தை விடவும் இந்த இழப்பு பெரிதாகிவிடலாம். பந்தயத் திடலில் பயன்பட்ட பொருள் அன்றாடச் சாலையில் ஏமாற்றம் தருவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னும் பொருத்த விரும்புவோர், பெட்டியைக் கழற்றியவுடன் ஆறு திறப்புகளையும் துணியால் அடைத்துவிடுவார்கள். தவறி விழும் ஒரு சிறு திருகு போதும், இயந்திரத்தைப் பாழாக்க. பொருத்திய பின், ஆறு திராட்டில் தகடுகளும் ஒரே அளவில் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்குக் காற்றோட்டத்தை அளக்கும் கருவி உண்டு. ஆனால், பழகிய பழுதுபார்ப்பவர் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு குழலின் வாயருகிலும் வைத்து ‘உஸ்’ என்னும் ஒலியை ஒப்பிடுவார். ஆறும் ஒரே சுருதியில் ஒலித்தால் அவருக்கு நிம்மதி.

பிறகு சாலையில் ஓட்டிப் பார்த்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நிறத்தை நோக்குவார்கள். இளம்பழுப்பு நிறம் இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெண்மையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. அந்த மகிழுந்தை மேலும் விரைவாக ஓட்டக் கூடாது. கழற்றிய பெட்டியையும் ரப்பர் குழாய்களையும் எறிந்துவிடாமல் எடுத்து வைப்பது நல்லது. பிளக் வெளுத்துக்கொண்டே போனால் அன்று மாலையே அவை தேவைப்படும்.