கைக்குழந்தையின் கழுத்து இறுக்கமும் பால் கக்குதலும்: உரம் எடுக்கும் முன் கவனியுங்கள்

அசர் தொழுகை முடிந்து பள்ளியை விட்டு வெளியே வரும்போது, வாசலில் கைக்குழந்தையோடு இரண்டு மூன்று பெண்கள் நிற்பது நம் ஊர்களில் பழகிய காட்சி. தொழுதுவிட்டு வருபவர்கள் ஓதி ஊதிவிட்டுச் செல்வார்கள். இமாம் என்பதால் நம்மிடம் மட்டும் கொஞ்சம் விவரமும் சொல்வார்கள். "ராத்திரி பூரா அழுவுது ஹஜ்ரத்", "குடிச்ச பாலையெல்லாம் கக்கிடுது", "கண்ணேறா இருக்குமோ?"

சில மாதங்களுக்கு முன் அப்படி வந்த ஓர் உம்மும்மா, ஆறு வாரமே ஆன பேரனைக் காட்டி, "தலைய ஒரே பக்கமாத்தான் வச்சிருக்கான் ஹஜ்ரத். உரம் விழுந்திருக்கு. நாளைக்கு உரம் எடுக்கப் போறோம், ஓதி விடுங்க" என்றார்.

நாம் ஓதினோம். உரம் எடுக்க வேண்டாம், முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள் என்றும் சொன்னோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. "நான் எட்டுப் புள்ள வளத்தவ ஹஜ்ரத்" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் நம் வீட்டில் ஒரு முறை நடந்தது நமக்குத் தெரியும் என்பதால்தான் அப்படிச் சொன்னோம்.

நம் இரண்டாவது மகள் பிறந்து ஒரு மாதம் இருக்கும்போது அவளுடைய தலையும் இதே போல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வீட்டுப் பெரியவர்கள் உரம் என்றார்கள். ஒரு சேலையை இருவர் இரு முனையிலும் பிடித்துக்கொள்ள, குழந்தையை அதில் கிடத்தி இப்படியும் அப்படியும் உருட்டினார்கள். அவள் மூச்சுத் திணற அழுதாள்; பிறகு களைத்துத் தூங்கிவிட்டாள். "பாத்தீங்களா, சரியாப் போச்சு" என்றார்கள். நாமும் நம்பினோம். மதரஸாவில் ஓதியவர், கல்லூரியிலும் படித்துப் பட்டம் வாங்கியவர் என்ற பெயர் இருந்தும் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் தலையின் பின்புறம் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டதைப் பார்த்த பிறகே மருத்துவரிடம் போனோம். அதன் பிறகு கழுத்து நேராக, முதல் பிறந்த நாளைத் தாண்ட வேண்டியிருந்தது.

அவளுக்கு இருந்தது மருத்துவத்தில் 'டார்ட்டிகோலிஸ்' எனப்படும் கழுத்துத் தசை இறுக்கம். காதின் பின்புற எலும்பிலிருந்து நெஞ்செலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்கி வரும் நீண்ட தசை ஒன்று கழுத்தின் இரு பக்கமும் இருக்கிறது. இதில் ஒரு பக்கத்துத் தசை குறுகி இறுகிவிட்டால் தலை அந்தப் பக்கத் தோளை நோக்கிச் சாயும். முகவாய் மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். அதாவது வலத் தசை இறுகினால் தலை வலப்புறம் சாயும், பார்வை இடப்புறம் இருக்கும். வயிற்றுக்குள் இடம் நெருக்கமாகி ஒரே நிலையில் கிடந்த குழந்தைகளிடமும், தலை கீழே திரும்பாமல் இருந்தவர்களிடமும், கடினமான பிரசவத்தில் பிறந்தவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. சிலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் அந்தத் தசையில் சிறு கட்டி போலக் கைக்குத் தட்டுப்படும். புற்றுக்கட்டியோ என்று பதற வேண்டாம். தசை நார் தடித்திருப்பதுதான். சில மாதங்களில் தானே கரையும். ஆனால் அது அந்தக் கட்டிதானா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சேலையில் உருட்டினால் குறுகிய தசை நீளாது. உருட்டி முடித்ததும் அழுகை நிற்பது வலி போனதால் அல்ல, குழந்தை களைத்துப்போனதால். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலைதான். அதைத் தாங்கும் வலு கழுத்துக்கு இன்னும் வரவில்லை. சில குழந்தைகளுக்குத் தலை சாய்வது தசையினால் அல்ல, கழுத்தெலும்பின் பிறவி அமைப்பினால் இருக்கலாம். கண் தசைக் கோளாறினாலும் இருக்கலாம். எது என்று தெரியாமல் ஒரு கழுத்தைத் திருக யாருக்குத் துணிவு வரும்?

ஸஹீஹ் புகாரியிலும் முஸ்லிமிலும் உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) அவர்களின் செய்தி ஒன்று உண்டு. 'உத்ரா' என்னும் தொண்டை நோய்க்காகத் தம் ஆண் குழந்தையின் தொண்டையை அழுத்தி வைத்தியம் செய்துவிட்டு, அவனை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார்கள். அன்றைய மதீனாவில் அது பெண்களின் கைவைத்தியம், நம் ஊரில் உரம் எடுப்பது போல. பிள்ளைகளை இப்படி அழுத்தித் துன்புறுத்துவதை நபியவர்கள் கண்டித்து, வலியில்லாத ஒரு மருந்தைக் காட்டினார்கள். அந்த மருந்தான கோஷ்டத்தை இன்று வீட்டில் அரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை, தயவுசெய்து கொடுத்துவிட வேண்டாம். பிள்ளையை வதைக்கும் வைத்தியத்தைப் பழக்கம் என்பதற்காகத் தொடராமல், வதைக்காத வழியைத் தேட வேண்டும் என்பதே நாம் இங்கே எடுத்துக்கொள்வது. மருத்துவம் தெரியாதவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களிலும் நபிமொழி வருகிறது. உரம் எடுப்பவர்கள் காசு வாங்காமல் சேவையாகச் செய்தாலும் இது பொருந்தும்.

சரியான சிகிச்சை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். மருத்துவர் பரிசோதித்து, இடுப்பு மூட்டையும் சேர்த்துப் பார்ப்பார். கழுத்து இறுக்கம் உள்ள சில குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு நழுவும் குறையும் சேர்ந்தே இருப்பதுண்டு. பிறகு பிசியோதெரபி நிபுணர் தாய்க்குக் கற்றுத் தருவார். வலத் தசை இறுகிய குழந்தைக்கு, வலது தோளை ஒரு கையால் மெல்ல அணைத்து, இடது காது இடது தோளை நெருங்கும்படி தலையைச் சாய்த்துச் சில நொடிகள் வைப்பது ஒன்று. முகத்தை வலப்பக்கம் மெதுவாகத் திருப்பி வைப்பது இன்னொன்று. எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு நீங்களே தொடங்கிவிடக் கூடாது. குழந்தை எதிர்த்தால் விட்டுவிட வேண்டும், பலவந்தம் கூடாது.

பயிற்சியைவிட அதிக நேரம் நடப்பது அன்றாடப் பழக்கம். குழந்தை எந்தப் பக்கம் திரும்பத் தயங்குகிறதோ அந்தப் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள், அங்கிருந்து பேசுங்கள், கிலுகிலுப்பையை அங்கே ஆட்டுங்கள். ஒரே திசையில் படுக்க வைக்காமல், தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போடுங்கள். விழித்திருக்கும்போது ஒருவர் கூடவே இருந்து, ஒரு நாளில் பல முறை சில நிமிடம் குப்புறப் போடுங்கள். தொடக்கத்தில் வாப்பாவின் நெஞ்சின் மேல் போட்டாலும் போதும். தூளியில் நாள் முழுக்கக் கிடக்கும் குழந்தைக்குத் தலையைத் திருப்ப இடமே இருக்காது. தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை வாங்குகிறார்கள். அது வேண்டாம், முகம் புதைந்தால் மூச்சு முட்டும்.

இதில் நம் சமுதாயத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. அது 'நாற்பது'. பிள்ளை பெற்றவளும் பிள்ளையும் நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது என்பார்கள். ஒரு மாதத்துக்குள் பயிற்சியைத் தொடங்கிய குழந்தைகளில் 100க்கு 98 பேருக்கு, இரண்டரை மாத வயதுக்குள் கழுத்து இயல்பாகத் திரும்புகிறது என்று பிசியோதெரபி வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஒரு மாதம் கடந்தால் ஏறத்தாழ ஆறு மாதம் ஆகிறது. ஆறு மாதத்துக்குப் பின் தொடங்கினால் ஒன்பது, பத்து மாதங்கள் கூடப் பிடிக்கலாம். சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும். நாற்பது முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் இழப்பது மிக நல்ல வாய்ப்புள்ள அந்த முதல் மாதத்தைத்தான். நிஃபாஸின் உச்ச வரம்பு ஹனஃபி மத்ஹபில் 40 நாள், ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள். இது தொழுகை, நோன்பு முதலியவற்றுக்கான சட்டம். தாய் மருத்துவமனைக்குப் போகக் கூடாது என்று எந்த மத்ஹபிலும் இல்லை. குழந்தைக்கோ நிஃபாஸே இல்லை!

இனி பால் கக்குவதைப் பார்ப்போம். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை வாய்க்கட்டு போல இருக்கிறது. கைக்குழந்தைக்கு அது இன்னும் வலுப்படவில்லை. குடிப்பது முழுக்கப் பால், கிடப்பது முழுக்கப் படுக்கை. எனவே எதுக்களித்து வருவது இயல்பு. நான்காம் மாத வாக்கில் அதிகமாகி, உட்காரவும் திட உணவு சாப்பிடவும் தொடங்கிய பின் குறைந்து, பெரும்பாலோருக்கு ஒரு வயதுக்குள் நின்றுவிடும். கக்கிவிட்டுச் சிரிக்கும், எடையும் ஏறும் குழந்தைக்கு மருந்து தேவையில்லை. அமிலத்தைக் குறைக்கும் மருந்தை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தார்கள் என்று வாங்கிக் கொடுக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுப்பது, இடையிலும் முடிவிலும் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்வது, குடித்த பின் 20 முதல் 30 நிமிடம் நிமிர்த்திப் பிடித்திருப்பது ஆகியவையே முதல் வைத்தியம். அழும்போதெல்லாம் பசி என்று மீண்டும் மார்பில் போட்டால், நிரம்பிய வயிறு இன்னும் கக்கும். (கக்கிய பால் பட்ட உடையோடு தொழலாமா என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. அதற்குத் தனியே எழுத வேண்டும், இன்ஷா அல்லாஹ்.)

கழுத்தும் வயிறும் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்பதை நாம் வெகு காலம் அறியாமல் இருந்தோம். பால் எதுக்களித்து நெஞ்செரிச்சல் தரும்போது சில குழந்தைகள் முதுகை வில்லாக வளைத்து, கழுத்தை ஒரு பக்கம் திருகிக்கொள்ளும். வலிப்பு என்று பயந்து ஓடி வருபவர்களும் உண்டு. 'சாண்டிஃபர்' என்ற மருத்துவரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. 1960களில் மருத்துவ இதழில் பதிவானது. இங்கே கழுத்துத் தசையில் குறை இல்லை. எதுக்களிப்பு அடங்கினால் கழுத்தும் நேராகும். இதிலும் உரம் எடுப்பார்கள், அதுவும் பால் குடித்த உடனே! இன்னொரு பக்கம், உண்மையாகவே தசை இறுகிய குழந்தைக்கு எதுக்களிப்பும் இருந்தால் அது குப்புறப் படுக்க மறுக்கும், பயிற்சி தடைப்படும். அதனால் நீட்டல் பயிற்சியையும் குப்புறப் போடுவதையும் பால் கொடுத்த உடனே செய்யாமல், கொடுப்பதற்கு முன் வைத்துக்கொள்ள வேண்டும். இது சின்ன விஷயம்தான். நம் மகளின் விஷயத்தில் இது தெரிய நமக்கு இரண்டு மாதம் ஆனது.

கக்குகிறதே என்று குப்புறப் போட்டோ, தலையணை வைத்தோ தூங்க வைக்க வேண்டாம். மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலும் உணவுக்குழாய் கீழும் இருப்பதால், மேலே வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் எளிதில் ஏறாது. அமெரிக்காவில் 1994இல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கும் பிரச்சாரம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன.

வாய்வழி கொடுக்கும் பொருள்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். 'கிரைப் வாட்டர்' 1851இல் இங்கிலாந்தில் உருவானபோது அதில் ஆல்கஹால் இருந்தது. பிறகு நீக்கினார்கள். அன்று குழந்தைகள் அதைக் குடித்து அமைதியாகத் தூங்கியதன் ரகசியத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. மற்றொன்று தேன். தஹ்னீக் சுன்னத்தானது, பேரீச்சம்பழத்தால் செய்யப்பட்டது. பழம் இல்லாவிட்டால் தேன் என்று நம் வீடுகளில் தடவுகிறார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் தேனில் உள்ள சில கிருமி வித்துகள் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும். பேரீச்சம்பழம் கிடைக்காத ஊர் இன்று எது? மசித்த பழத்தை விரல் நுனியில் தொட்டு மேலண்ணத்தில் மிகச் சிறிதளவு தடவினால் போதும்.

அந்த உம்மும்மாவின் பேரனை மறுவாரம் அவனுடைய வாப்பா மருத்துவரிடம் கொண்டு போனார். கழுத்தில் கொண்டைக்கடலை அளவு கட்டி தட்டுப்பட்டதாம். செலவுக்குப் பயந்தவரை மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினோம். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் அங்கே குழந்தைகளுக்கான மையம் இருக்கிறது, பிசியோதெரபி இலவசம். இப்போது பயிற்சி கொடுப்பது உம்மும்மாதான். மருமகளுக்குக் கை நடுங்குகிறதாம்.

பச்சை நிறத்தில் வாந்தி, ரத்தம் கலந்த வாந்தி, பிறந்து மூன்று முதல் ஆறு வாரத்தில் ஒவ்வொரு முறையும் பீச்சியடிக்கும் வாந்தி, பால் குடிக்க மறுத்தல், எடை ஏறாமை, சிறுநீர் குறைதல், மூச்சு நின்று நின்று வருதல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், நேராக இருந்த கழுத்து திடீரென்று ஒரு நாள் சாய்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஓதுவதற்காகப் பள்ளிவாசலில் நிற்க வேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள், போகும் வழியில் ஓதிக்கொள்ளலாம்.