இரவற் குரலும் சொந்தக் குரலும்

'வெஸ்ட் சைட் ஸ்ரோரி' என்னும் இசை நாடகம் 1957ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரின் புரோட்வே அரங்கில் மேடையேறியது. ரோமியோவும் யூலியற்றும் வெரோனாவை நீங்கி, நியூயோர்க்கின் வறிய தெருக்களில் மறுபிறவி எடுத்த கதை அது. வெள்ளை இளைஞர் கூட்டம் ஒன்றுக்கும், புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடியேறிய இளைஞர் கூட்டம் ஒன்றுக்கும் இடையிலான பகையிலே காதல் பலியாகின்றது. லெனார்ட் பேர்ன்ஸ்டைன் இசை அமைத்தார். அன்று 27 வயதினரான ஸ்ரீபன் சொண்ட்ஹைம் பாடல்களை யாத்தார். 1961இல் அது திரைப்படமாகிப் பத்து ஒஸ்கார் பரிசில்களை வென்றது. ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் 2021இல் அதனை மீண்டும் படமாக்கினார். அப்படத்தின் பாடற்றொகுதி பற்றியே நான் எழுதப் புகுகின்றேன். படத்தை ஆராய வேறு பலர் உளர்.

புதியதன் அருமையை உணரப் பழைய இசைத்தட்டின் கதையை அறிதல் வேண்டும். 1961ஆம் ஆண்டுப் படத்தின் இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 54 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அத்தனை வீடுகளிலும் மரியாவாகப் பாடியவர், மரியாவாக நடித்த நற்றலி வூட் அல்லர். மார்னி நிக்சன் என்ற பாடகி. தம் குரலே ஒலிக்கும் என நம்பி வூட் பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றுக்கு வாயசைத்தும் நடித்தார். பின்னரே அக்குரல் அகற்றப்பட்டு, அவரது வாயசைவுக்கு இசைய நிக்சன் பாட வைக்கப்பட்டார். காதலனாக நடித்த றிச்சர்ட் பெய்மருக்கு ஜிம்மி பிறையன்ற் குரல் கொடுத்தார். அனிற்றாவாக நடித்த றீற்றா மொரேனோ பாடவல்லவரே. ஆயினும் ஒரு பாட்டின் தாழ்ந்த சுருதி அவருக்கு எட்டாமையால் பெற்றி வான்ட் அதனைப் பாடினார். பல குரல்கள் பின்னிவரும் 'ருநைற்' கூட்டுப்பாட்டிலோ மரியாவின் வரிகளையும் அனிற்றாவின் வரிகளையும் நிக்சன் ஒருவரே பாட நேர்ந்தது!

இரவற் குரல் இழிவானதன்று. நம் தமிழ்ப் படங்களிலே பின்னணிப் பாடகர் இல்லாத பாட்டு அரிது. இலங்கை வானொலி பாடியவர் பெயரைச் சொல்லிச் சொல்லியே நம்மைப் பாடகர்களின் இரசிகர்கள் ஆக்கியது. ஹொலிவூட் செய்த அநீதி வேறு. அங்கே குரல் தந்தவரின் பெயர் மறைக்கப்பட்டது. படத்திலும் இசைத்தட்டிலும் நிக்சனுக்கு இடமில்லை. தட்டின் வருவாயில் தமக்குரிய பங்கிலிருந்து ஒரு வீதத்தின் காற்கூறினை பேர்ன்ஸ்டைன் அவருக்கு விட்டுக் கொடுத்தார் என்பது அக்கதையில் வரும் ஒரே நல்ல செய்தி.

2021ஆம் ஆண்டுத் தொகுதியிலே நடித்தவர்களே பாடுகின்றனர். மரியாவாக வரும் றேச்சல் செக்லர் முன்னர் எப்படத்திலும் தோன்றாதவர். தெளிந்த நீரோடை போன்ற அவர் குரலில் பதினெட்டு வயதின் பதற்றமும் உண்டு. நிக்சனின் நிறைவான குரலில் நான் அதைக் கேட்டதில்லை. காதலனாக வரும் அன்செல் எல்கோட்டின் குரல் மெல்லியது. 'மரியா' என்னும் பாட்டு உச்சத்தை எட்டுமிடத்தில் அது சிறிது தளர்கின்றது. பாட்டை மட்டும் நோக்கின் பிறையன்ற்றே மேலானவர்.

அந்தப் பாட்டின் அமைப்பு நம் இசை பயின்றோர் எளிதில் உணரத்தக்கது. 'மரியா' என்னும் பெயரின் மூன்று அசைகளும் சட்ஜம், பிரதி மத்திமம், பஞ்சமம் என நிற்கின்றன. பிரதி மத்திமத்திலே ஒரு தவிப்பு. பஞ்சமத்தை அடைந்ததும் ஓர் ஆறுதல். இதே மூன்று சுரங்களை பேர்ன்ஸ்டைன் 'கூல்' என்ற பாட்டிலும் வைத்தார். அங்கே அவை ஆத்திரத்தை அடக்கச் சொல்லும் எச்சரிக்கை. பழைய படத்தில் அப்பாட்டு, கலகம் முடிந்த பின்னர் வேறொருவர் பாடுவதாக வந்தது. புதியதிலோ கலகத்துக்கு முன்னரே, காதலனும் அவன் தோழனும் பாடுகின்றனர். காதலியின் பெயரைச் சொன்ன வாயே கொலையைத் தடுக்கவும் அதே சுரங்களைத் தேடுகின்றது! இது எனக்குப் புதிதாகக் கேட்டது.

'அமெரிக்கா' என்ற பாட்டின் தாளத்தைத் தகிட தகிட, தக தக தக என்று கையிற் போட்டுப் பார்க்கலாம். அரியானா டிபோஸ் அதனைப் பாடும் துணிவே தனி. 1962இல் மொரேனோவுக்கு ஒஸ்கார் பெற்றுத் தந்த அதே அனிற்றா வேடம், 2022இல் டிபோஸுக்கும் அதனைப் பெற்றுத் தந்தது.

வாத்தியங்களைப் பெரும்பாலும் இசைத்தது, பேர்ன்ஸ்டைன் தாமே தலைமை தாங்கிய நியூயோர்க் பில்ஹார்மோனிக் குழு. நெறிப்படுத்தியவர் வெனிசுவேலா நாட்டினரான குஸ்ராவோ டுடமெல். கதை நிகழும் ஏழைகளின் குடியிருப்பு இடிக்கப்பட்டே லிங்கன் சென்ரர் என்ற கலைக்கூடம் எழுந்தது. இக்குழுவின் அரங்கும் அங்கேதான் உள்ளது. வீடிழந்தோரின் பாடலுக்கு, அவர்கள் இருந்த மண்ணில் அமர்ந்த குழுவே வாசிக்கின்றது.

ஆயினும் தொகுதியின் உயிர் 'சம்வெயர்' என்ற பாட்டிலேதான். காதலர்க்கு எங்கேனும் ஓர் இடம் இருக்கும் என்ற ஏக்கம் அதன் பொருள். மேடையிலே அதனைப் பாடியது பார்வையாளர் காணாத ஒரு பெண்குரல். பழைய படத்திற் காதலர் இருவர், அதாவது நிக்சனும் பிறையன்ற்றும். புதிய படத்தில் வலன்ரினா என்னும் மூதாட்டியான கடைக்காரி தனியே பாடுகின்றாள். அவ்வேடம் ஏற்றவர், தொண்ணூறை அணுகிய மொரேனோ! சட்ஜத்திலிருந்து கைசிகி நிஷாதத்துக்கு ஒரே தாவலாகத் தாவும் தொடக்கம் அது. இளங்குரல்கள் பறந்து செல்லும் அவ்விடத்தை அவர் மெல்ல ஏறிச் சென்று தொடுகின்றார். குரல் நடுங்குகின்றது, மூச்சு இடையிலே கேட்கின்றது. ஒருகால் இவர் வாய்க்கு வேறொருத்தியின் குரலைப் பொருத்தியவர்கள், இந்த நடுக்கத்துக்கு எவர் குரலைத் தேடியிருப்பார்கள்?