ஆர்டர் யாருக்கு?
அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைக்கும் நம் பிள்ளைகளுக்கு வேலை தெரியும். ஆர்டர் கொடுப்பவரைத்தான் தெரியாது. 2010-ல் நாட்டின் 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர்களில் 93 சதவீதம் பேர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 சதவீதம்தான்.

பணமும் சாதி பார்த்தே நகர்கிறது. பெங்களூரு ஐ.ஐ.எம்.மின் மனஸ்வினி பல்லா குழுவினர் ஆராய்ந்தபோது, ஒரே சாதி இயக்குநர்களைக் கொண்ட நிறுவனங்களே அதிகம் இணைவது தெரிந்தது. அந்த இணைப்புகளில் ஆதாயம் குறைவு. ஆதாயம் குறைந்தாலும் சொந்தம் பார்க்கிறார்கள்! நிறுவனத்தை வாங்கவே இப்படியென்றால், உதிரிபாக ஆர்டரில் நம்மைத் தேடி வருவார்களா?

ஆவடி டேங்க் பேக்டரி போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்கு 2012 கொள்முதல் கொள்கை உண்டு. கொள்முதலில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறுதொழில்களுக்கு. தனியாருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உத்யம் பதிவும் சாதிச் சான்றிதழும் வைத்திருப்பவர்கள் முதலில் ஆவடியில் விசாரியுங்கள்.